கதவடைக்கும் பண்டிகையும் என் நாத்தனாரும்

என் நாத்தனார் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதினால் ஆறும் என்கிறார் என் வீட்டுக்காரர். சரி, எழுதுகிறேன். ஆனால் ஆறாது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதை ஒருத்தி மாற்றிச் சொன்னதால் வந்த வினைதான் இத்தனையும். நான் கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவள். அப்பா, சித்தப்பா எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். ஞானஸ்நானம், முதல் நன்மை எல்லாம் முறைப்படி வாங்கிய கிறிஸ்தவக் குடும்பம். நர்ஸிங் படித்துவிட்டு மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே காலை உடைத்துக்கொண்டு வந்து ஆறு வாரம் படுத்திருந்த ஒரு மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் பெனே இஸ்ரேல் யூதர். கொங்கணக் கரையில் பல தலைமுறையாகச் செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, மராத்தி பேசி, சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்திவைத்த ஜனம் அது.

கல்யாணத்துக்கு முன் நானும் அந்த மார்க்கத்தில் சேர்ந்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவரோடு இரண்டு வருஷம் அவர்கள் பண்டிகைகளைப் பார்த்தேன், பிடித்திருந்தது, ஒரு வருஷம் உட்கார்ந்து படித்தேன். அம்மாவுக்கு நான் மதம் மாறியதைவிடப் பெரிய வருத்தம் சாப்பாட்டு விஷயத்தில்தான். செதிலும் துடுப்பும் இல்லாததைக் கடலிலிருந்து எடுத்துத் தின்னக் கூடாது என்று போனில் சொன்னேன். "சொறா கெடையாது, எறாலு கெடையாது, கணவாயும் கெடையாது. பின்ன என்னத்தத்தான் மக்கா திங்குவ?" என்று அழுதாள். சுறாப்புட்டு இல்லாத வாழ்க்கையை அம்மாவால் கற்பனை செய்ய முடியவில்லை. எனக்கும் இன்றுவரை அது கஷ்டம்தான்.

ராஸ் அல் கைமாவுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அவருக்கு சிமென்ட் ஃபேக்டரியில் மெஷின் பராமரிப்பு, எனக்கு ஆஸ்பத்திரி டியூட்டி. வந்த புதிதில் நாங்கள் யூதர்கள் என்று இங்கே யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் "இந்தியன்" என்போம், அதற்கு மேல் கேட்பவர்களிடம் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். பண்டிகையெல்லாம் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்குள். செப்டம்பர், அக்டோபரில் அவர்களுடைய புது வருஷம் வரும். அதிலிருந்து பத்தாம் நாள் பாவ நிவிர்த்தி நாள், யோம் கிப்பூர். ஒரு சூரிய அஸ்தமனத்திலிருந்து மறுநாள் அஸ்தமனம் தாண்டும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. என் கணவரின் ஆட்கள் மராத்தியில் அதைக் கதவடைக்கும் பண்டிகை என்பார்கள். வெள்ளை உடுத்து, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, வெளியாள் முகத்தில் விழிக்காமல் உள்ளேயே ஜெபத்தில் இருப்பது வழக்கம். ஒளிந்து கும்பிட வேண்டிய ஊருக்கு, ஒளிவதையே சடங்காக வைத்திருக்கும் ஜனம் வந்து சேர்ந்தது எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. பால்கனிக் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டால் முடிந்தது. என் மகள் அப்படித்தான் வளர்ந்தாள். மெழுகுவர்த்தியை நான் ஏற்ற, பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொள்வாள். ஆசீர்வாதத்தை அப்பாவிடம் கற்றாள், அடுப்படியை என்னிடம் கற்றாள்.

புது வருஷச் சாப்பாட்டில் ஒரு மீன் தலை இருக்க வேண்டும். வருகிற வருஷம் வாலாக இல்லாமல் தலையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். மற்ற வீடுகளில் அதை அவித்து ஓரமாக வைத்திருப்பார்கள், பார்க்கவே பாவமாக இருக்கும். மீன்காரன் மகள் வீட்டில் அது நடக்குமா? இங்கே ஹமூர் என்கிற களவா மீனில் நல்ல தலையாகப் பார்த்து வாங்கி, தேங்காய் அரைத்து, குடம்புளி போட்டு வைப்பேன். என் நாத்தனார் துபாய்க்குக் குடிவந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். அன்றிலிருந்து முதல் மூன்று வருஷம் புது வருஷத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தத் தலையில் கன்னத்துச் சதையைத் தோண்டித் தோண்டித் தின்றவள் அவள். இதையும் குறித்துவைக்கிறேன்.

பிறகு இங்கே காலம் மாறியது. துபாயில் யூதர்கள் வெளிப்படையாகக் கூட ஆரம்பித்தார்கள். ஹோட்டல் கூடங்களில் ஜெபம், சேர்ந்து சாப்பாடு. முதல் தடவை போனபோது என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தலையில் ஜெபத் தொப்பியை வைக்கக் கை வரவில்லை அவருக்கு. அமெரிக்கா, பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க வேண்டியதில்லை.

நாத்தனார் அங்கே சீக்கிரமே பெரிய மனுஷி ஆகிவிட்டாள். யார் எந்த மேஜையில் உட்கார வேண்டும், பிள்ளைகளுக்கு என்ன வகுப்பு எல்லாவற்றிலும் அவள் கை இருக்கும். அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஒன்றேகால் மணி நேரம் காரோட்டிக்கொண்டு வருகிற எங்களுக்கு அதற்கெல்லாம் நேரமும் இல்லை. எனக்குத் தெரியாமல் அவள் இன்னொரு வேலையும் செய்துவைத்திருந்தாள், அதுதான் விஷயம்.

போன வருஷம் யோம் கிப்பூர் பிற்பகலில் வேதப் பகுதியை வாசிக்க நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கடலில் தூக்கி எறியப்பட்ட ஒருவனைப் பற்றிய பகுதி அது. ஹீப்ருவில் ஒருவர் வாசித்ததும் அதையே இவர்கள் ஆங்கிலத்தில் ஆளுக்குக் கொஞ்சமாக வாசிக்க வேண்டும். பதினாறு வயசான என் மகளுக்குப் புயல் அடிக்கிற பங்கு கிடைத்தது. ஒரு மாசம் அவள் அதை விட்டபாடில்லை. குளிக்கும்போது வாசிப்பாள், காரில் வாசிப்பாள். "அம்மா, புயல்ல போட் எப்படி ஆடும்? சொல்லேன்" என்று என்னிடம் கேட்பாள். என் அப்பா சொன்ன கடல் கதைகளையெல்லாம் சொன்னேன். திரைக்குள்ளேயே சாமி கும்பிட்ட பிள்ளை முதல் முறையாக ஊர் பார்க்க எழுந்து நிற்கப் போகிறாள் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளுக்காக வெள்ளைச் சுடிதார் தைக்கக் கொடுத்தேன்.

புது வருஷச் சாப்பாட்டன்று கூடத்தில் ஒரு வயசான அம்மா என் கையைப் பிடித்தார். பஹ்ரைனில் இருக்கிறவர், துபாயில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். கொச்சியில் பிறந்த யூதப் பெண்மணி. முகமெல்லாம் சிரிப்பாக, "மோளே, நீ கொச்சியில எவிடெயா? ஏது பள்ளி?" என்று மலையாளத்தில் கேட்டார். ஜெபக்கூடத்தை அவர்கள் பள்ளி என்பார்கள்.

"கொச்சி இல்லம்மா. நான் கன்னியாகுமரி" என்றேன்.

அவர் முகம் குழம்பியது. "நின்ற நாத்தூன் பறஞ்ஞல்லோ, நீ கொச்சிக்காரி, நம்மட ஆளு என்று?"

அப்போதுதான் புரிந்தது. தம்பி பெண்டாட்டி பழைய கொச்சி யூதக் குடும்பத்துப் பெண் என்று மூன்று வருஷமாக இவள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். தெற்கே பிறந்தவள், கறுப்பாக இருக்கிறாள், மலையாளம் கொஞ்சம் வரும். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாள். எனக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். "நான் மீன்பிடிக்கிற குடும்பம்மா. கிறிஸ்தவளாப் பிறந்து, கல்யாணத்துக்கு முன்னாடி முறையா இதுல சேர்ந்தேன்" என்றேன். என் மலையாளம் அதற்குப் போதாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. என் கன்னத்தைத் தட்டிவிட்டு, அப்படியானால் உனக்கு நல்ல மீன் குழம்பு வைக்கத் தெரியும் என்றார்.

ஆனால் பக்கத்தில் நின்ற இன்னொருவர் காதில் அது விழுந்துவிட்டது. பண்டிகைக் காரியங்களை நடத்துகிற தென்னாப்பிரிக்கப் பெண்மணி அவர். நல்ல மனுஷிதான், ஆனால் கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். என்னைத் தனியாக அழைத்து, சேர்ந்ததற்கான காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். தாய் வழியில்தான் பிள்ளை யூதப் பிள்ளை. தாய் சேர்ந்தது செல்லாது என்றால் மகளும் விருந்தாளிதான். விருந்தாளி கூடத்தில் உட்காரலாம், சாப்பிடலாம், வேதம் வாசிக்க முடியாது.

காகிதம் என் மாமியாரின் இரும்புப் பெட்டியில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிப் பெட்டியோடு கூழாகிப் போனது. அதில் கையெழுத்துப் போட்ட மூன்று பெரியவர்களும் இப்போது இல்லை, என் கணவரை அன்று கூட வரவிடவில்லை. மும்பைக்கு எழுதிப் பழைய பதிவைத் தேடச் சொல்லலாம், ஆனால் பண்டிகைக் காலத்தில் யார் தேடுவார்கள்? இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நேரில் பார்த்தவர் யாராவது சொன்னால் போதும், நான் நம்பிக்கொள்கிறேன்" என்றார்.

நேரில் பார்த்தவள் நான்கு அடி தள்ளி, வருஷம் இனிக்கட்டும் என்று ஆப்பிளைத் தேனில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டுக் கேட்டார்கள். என் நாத்தனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கொச்சி அம்மாவைப் பார்த்தாள், மற்றப் பெண்களைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: "சேர்ந்தாள் என்று அம்மா சொல்லக் கேள்வி. நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை."

ஞாபகம் இல்லையாம்! எப்படி இல்லாமல் போகும்? எங்கள் மார்க்கத்தில் சேருகிறவர் முழுசாகத் தண்ணீரில் முங்க வேண்டும். எனக்கு அது அலிபாக் பக்கம் கடலில் நடந்தது. பெரியவர்கள் மூன்று பேரும் கரையில் முதுகைக் காட்டி நின்றார்கள். ஒரு முடிகூட மேலே மிதக்காமல் முங்கினாளா என்று பார்த்துச் சொல்ல ஒரு பெண் கூடவே தண்ணீரில் நிற்க வேண்டும். வழக்கமாக வருகிற அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் வந்தவள் இவள். இவளுக்கு நீச்சல் தெரியாது, கடலென்றாலே பயம். இடுப்பளவு தண்ணீரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். நான் கடலில் தவழ்ந்தவள், எனக்கு என்ன? மூன்று முறை முங்கினேன். ஒவ்வொரு தடவையும் இவள் கரையைப் பார்த்து, சரி என்று கத்தினாள். மூன்றாவது முறை நான் எழுந்தபோது ஒரு அலை வந்து இவளைச் சாய்த்துவிட்டது. கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியது நான். உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே சிரித்து, என்னைக் கட்டிப்பிடித்து, "இன்றிலிருந்து நீ என் தங்கை" என்றாள். ஞாபகம் இல்லையாம்.

அந்தப் பெண்மணி பட்டியலில் என் மகளின் பெயர் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவள் தலையைத் தடவினார். மகள் "ஓகே" என்றாள். சாப்பிட்டு முடிக்கிறவரை ஒழுங்காக உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வருகிற வழியில், உம் அல் குவைன் தாண்டியதும், பின் சீட்டிலிருந்து கேட்டாள்: "அப்ப நான் யாரும்மா? கெஸ்ட்டா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் நம்பவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாத்தனாரின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. இந்தியாவில் யூதர்களா, அது எப்படி, நீங்கள் உண்மையான யூதர்களா என்று கேட்டுக் கேட்டு அவள் ஜனத்தையே வதைத்திருக்கிறார்கள். துபாயில் முதல் வருஷம் யாரோ அவளிடம் அப்படிக் கேட்டபோது எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கத்தினாள். அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அதனால்தான் தம்பி பெண்டாட்டி விஷயத்தில் இன்னொரு கேள்வி வராமலிருக்கக் கொச்சியைக் கண்டுபிடித்திருக்கிறாள். புரிகிறது. புரிந்ததால் என் கோபம் குறையவில்லை, கூடியது. தன்னிடம் அத்தாட்சி கேட்டவர்களை அத்தனை திட்டு திட்டியவள், என் பிள்ளையிடம் அதையே கேட்கவைத்துவிட்டுத் தேன் நக்கிக்கொண்டிருந்தாளே!

புது வருஷத்துக்கும் யோம் கிப்பூருக்கும் நடுவில் உள்ள நாட்களில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கடவுளுக்குச் செய்த குற்றத்தை அந்த நாளில் கடவுள் மன்னிப்பார், மனுஷருக்குச் செய்ததை அவரால் மன்னிக்க முடியாது. யாருக்குச் செய்தாயோ அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர் மன்னிக்கவில்லை என்றால் இன்னொரு தடவை, அதற்கும் இல்லையென்றால் மூன்றாவது தடவை. மூன்று முறை மனசாரக் கேட்டும் கிடைக்காவிட்டால் கேட்டவர் விடுபட்டார், பாவம் மறுத்தவர் தலையில். இதைப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்தவள் நான். சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தால் போதாது, அடிபட்டவனிடமே போக வேண்டும் என்பது எனக்குப் பெரிய நியாயமாகப் பட்டது.

நான்காம் நாள் நாத்தனாரிடமிருந்து வாட்ஸப் வந்தது. வெள்ளைப் புறா, ரோஜாப்பூ, நடுவில் தெரிந்தோ தெரியாமலோ உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள் என்ற வாசகம். எல்லோருக்கும் மொத்தமாக அனுப்பியது. அதே புறா என் கணவருக்கும் வந்திருந்தது, என் மகளுக்கும் வந்திருந்தது. டயாலிஸிஸ் வார்டில் நின்றுகொண்டு அதைப் பார்த்தேன். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. பதில் போடவில்லை.

ஏழாம் நாள் போன் செய்தாள். எங்களுக்குள் பேச்சு ஹிந்தியில்தான், அக்கா என்பதை தீதி என்றுதான் சொல்வேன், எனக்கு நினைவில் நிற்பது தமிழில். "உனக்கு மனசு கஷ்டமா இருந்தா என்னை மன்னிச்சிடு" என்றாள்.

"இருந்தாவா?" என்றேன். "தீதி, நீங்க என்ன செஞ்சீங்கன்னு முதல்ல நீங்க சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

பெருமூச்சு விட்டாள். தன் நிலைமை எனக்குப் புரியாது என்றாள். டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அன்று என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்: மூத்தவள், அம்மா போன பிறகு அவருக்கு இருப்பது அவள் ஒருத்திதான், கலாஸ், முடிந்தது, விட்டுவிடு. அவரை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சிமென்ட் ஃபேக்டரியில் மெஷின் சத்தத்துக்கு நடுவே வேலை செய்கிறவர், எந்தச் சத்தத்தையும் சகித்துக்கொள்வார். மறுநாள் அவரே தன் அக்காவுக்குப் போன் செய்து, நேரில் வா என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

விரதம் தொடங்குகிற அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தாள். ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும், அதற்குள் அவள் திரும்பித் துபாய் போய்ச் சேர வேண்டும். விரதத்துக்கு முந்தைய சாப்பாட்டுக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மகள் தன் வெள்ளைச் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாசிக்கப் போவதில்லை என்றாலும் அதைத்தான் உடுத்துவேன் என்று சொல்லியிருந்தாள். நாத்தனார் கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி. அதை மேஜையில் வைத்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நான் கேட்கிறது இது மூணாவது தடவை. என்னை மன்னிச்சிடு" என்றாள்.

எண்ணியிருக்கிறாள்! புறாவையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு ஹிந்தி ஓடிவிடும். "எனக்க பிள்ளைக்க பேர வெட்டிப்போட்டு, இங்க வந்து ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டா நிக்கிய? ஒமக்க வெள்ளப் புறாவக் கொண்டு அடுப்புல போடும்!" என்று ஊர்த் தமிழில் கத்தினேன். அவளுக்கு ஒரு எழுத்து புரிந்திருக்காது. ஆனால் பயந்துவிட்டாள். என் மகளுக்கு எல்லாம் புரிந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையைத் துடைத்தேன். என் போனை எடுத்து அந்தத் தென்னாப்பிரிக்கப் பெண்மணிக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பேரீச்சம்பழப் பெட்டி மேல் வைத்தேன். மணி அடிக்க ஆரம்பித்தது. "என்கிட்ட ஒண்ணும் கேட்க வேண்டாம் தீதி. நீங்க பார்த்ததை இவங்ககிட்டச் சொல்லுங்க" என்றேன் ஹிந்தியில்.

"இப்பவா? நாளைக்கு நேர்ல..."

"இப்ப."

அந்தப் பக்கம் ஹலோ என்றார்கள். இன்னொரு தடவை ஹலோ என்றார்கள். என் நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். அவர் பால்கனிக் கதவின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். பிறகு அவள் என் மகளைப் பார்த்தாள். வெள்ளைத் துணி மேல் இரண்டு கையையும் ஊன்றி அவள் நின்ற நிலையைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தாள் என்று நினைக்கிறேன்.

"நான்தான் பேசுகிறேன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "அன்றைக்கு நான் சொன்னது உண்மை இல்லை. கடலில் கூட நின்றது நான்தான். மூன்று தடவை முழுசாக முங்கினாள். நான்தான் கரைக்குக் குரல் கொடுத்தேன். கொச்சி என்று சொன்னதும் நான்தான். அவள் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை."

அந்தப் பக்கம் பட்டியல் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சொன்னதற்கு நன்றி. நாளைக்குப் பெண் வாசிக்கட்டும்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நல்ல விரதமாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்துவிட்டார்.

அரை நிமிஷப் பேச்சு அது. அரை நிமிஷம் பேசியிருந்தால் பத்து நாளைக்கு முன்பே முடிந்திருக்கும்.

நாத்தனார் அழுதாள். பொய் அழுகை இல்லை, எனக்கு அழுகை தெரியும். "இப்பவாவது மன்னிச்சேன்னு சொல்லு" என்றாள். மகள் என் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, ஆத்யா சொல்லிட்டாங்கல்ல" என்றாள். அப்பாவின் அக்காவை அவர்கள் மொழியில் ஆத்யா என்பார்கள். என் கணவர் என்னையே பார்த்தார். மூன்று பேரும் ஒரே வார்த்தைக்காக என் வாயைப் பார்த்து நின்றார்கள்.

"நேரமாச்சு தீதி. ரோட்டுல கூட்டம் இருக்கும். பாத்துப் போங்க" என்றேன்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அத்தனை மரியாதை இல்லாதவள் இல்லை நான். லிஃப்ட் வரை கூடப் போனேன். கதவு மூடுகிறவரை அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து சோறு போட்டேன். சாப்பிட்டோம். மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மறுநாள் காலையில் காரில் துபாய் போனோம். அந்த நாளில் வண்டி ஓட்டக் கூடாதுதான். ராஸ் அல் கைமாவிலிருந்து நடந்தா போக முடியும்? யாரும் எங்களைக் கேட்பதில்லை. பெண்கள் பக்கத்தில் நாத்தனார் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். பக்கத்து நாற்காலி. உட்கார்ந்தேன். எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுந்து வேறு இடம் தேட எனக்கு மனசில்லை. நாவு உலர்ந்து, தலை வலித்து, பிற்பகல் மெதுவாக வந்தது.

என் மகள் முதலாவதாக எழுந்தாள். புயல் பகுதி. முதல் வரியில் குரல் கொஞ்சம் நடுங்கியது. பிறகு நிதானமாகிவிட்டது. படகுக்காரர்கள் ஆளுக்கொரு சாமியைக் கூப்பிட்டு அலறுகிற இடத்தை, என் அப்பாவின் கதைகளில் நான் சொன்ன மாதிரியே, அவசரப்படாமல் வாசித்தாள். கூடம் முழுக்கக் கேட்டது. கொச்சி அம்மா பின்னாலிருந்து என் தோளை அழுத்தினார். நான் அழுதேன். நாத்தனாரும் அழுதாள்.

அதன் பிறகு பாவ அறிக்கை. எல்லோரும் நின்றுகொண்டு, நாங்கள் செய்த இந்தப் பாவத்துக்காக, அந்தப் பாவத்துக்காக என்று நீளமாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் வலது கையை முஷ்டியாக மடக்கி நெஞ்சில் தட்டிக்கொள்ள வேண்டும். கோள் சொன்னதற்கு, பொய் சொன்னதற்கு, பெற்றவர்களை மதிக்காததற்கு. நான் எல்லாவற்றுக்கும் தட்டினேன். செய்ததற்கும் தட்டினேன், செய்யாததற்கும் தட்டினேன். பக்கத்தில் நாத்தனாரின் முஷ்டி விழுகிற சத்தம் கேட்டது. பொய்க்கு வந்தபோது அவள் பலமாகத் தட்டினாள்.

பிறகு, இதயத்தைக் கடினமாக்கிக்கொண்டதற்காக என்ற வரி வந்தது. என் கையை மடக்கினேன். அந்தப் பத்து நாளும் என் கண்ணுக்கு முன் வந்தது. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற என் மகள், பள்ளிக்கூடத்தில் மதம் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்ட என் மகள். சொன்னதை இவள் மாற்றிச் சொல்லிவிட்டாள். அந்தப் பத்து நாளை மாற்ற யாராலும் முடியாது. மூன்று தடவை கேட்டுவிட்டாள், கெட்டதைச் சரியும் செய்துவிட்டாள். சட்டப்படி அவள் விடுபட்டவள். இனி பாவம் என்னுடையது, எனக்குத் தெரியும். எல்லோருடைய முஷ்டியும் நெஞ்சில் விழுந்தது, என் நாத்தனாருடையதும் விழுந்தது. நான் தட்டவில்லை.